எட்டு மணி ஆராதனை

காக்கி புக்கிட்டில் நாலாம் மாடி.
கீழே டயர் கடை, மேலே கண்ணாடி அறுக்கிறவர்கள்,
நடுவில் எங்கள் சபை.
பிரசங்கபீடம் சரக்கு லிஃப்டில்தான் ஏறி வந்தது.
ஃபோர்க்லிஃப்ட்காரர் ஒருவர் காசு வாங்காமல் இறக்கிவைத்தார்,
பெயர் கேட்க மறந்துவிட்டோம்.

பத்தொன்பது வருஷம் நான் மூப்பர்.
பத்து மணி ஆராதனை என்றால் பத்து மணி.
கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆமென் சொல்கிறீர்கள் என்பாள்
என் மனைவி.

போன ஞாயிறு எப்சிபாளிடம் ஒப்படைத்தேன்:
கதவுச் சாவி, லிஃப்ட் அட்டை,
மைக் அலமாரிச் சாவி
(சும்மா திருகினால் திறக்காது,
கொஞ்சம் தூக்கித் திருக வேண்டும்),
காணிக்கைப் பெட்டியின் இரண்டாம் சாவி,
மடிக்கணினியின் கடவுச்சொல்.
அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.
என் பிறந்த நாள்.
சபையின் பாட்டுகள் எல்லாம் இத்தனை காலம்
என் பிறந்த நாளுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்திருக்கின்றன.
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

முழங்கால் போட்டாள். தலையில் கைவைத்தேன்.
குட்டையாய் வெட்டிய முடி.
துவாஸ் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வை அவளுக்கு,
தாடையில் ஹெல்மெட் வாரின் தடம்.
"கீழ்ப்படிகிற இருதயம் தாரும்" என்று ஜெபித்தேன்,
அவளுக்காக.
யாருக்கு என்று
ஆண்டவர் காதில் விழுந்ததோ.

புதன்கிழமை கமிட்டி. முதல் தீர்மானமே
ஞாயிறு ஆராதனை இனி இரவு எட்டு மணிக்கு.
"ஓவர்டைம் முடிய ஆறரை ஆகுது, அங்கிள்.
குளிச்சு, ரெண்டு வாய் சாப்பிட்டு வரணும்.
பத்து மணிக்கு வர்றது நாம மட்டும்தான்."
நாம் என்றால் முப்பத்திரண்டு பேர்.
டார்மிட்டரி ஜெபக்குழுவில் நூற்று நாற்பது.

இதே கேள்வியை ஒருவன் என்னிடம் கேட்டிருக்கிறான்.
ஜெபஸ்டின், சாரம் கட்டுகிறவன்.
மஞ்சள் பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு
தூணோரம் நின்று கேட்டான்.
ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே, தம்பி, என்றேன்.
அதற்குப் பின் இரண்டு வாரம் வந்தான்.
மூன்றாவது வாரம்
நான் கணக்கெடுத்தது காணிக்கையை மட்டும்.

வாய் திறந்தேன்.
நான் வாய் திறந்தால் அறையில் மற்ற வாய்கள் மூடும்,
பத்தொன்பது வருஷப் பழக்கம். அன்றும் மூடின.
எப்சிபா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.
பயமில்லை அவளுக்கு, மரியாதை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
எத்தனை பிரசங்கம் செய்திருப்பேன் கீழ்ப்படிதலைப் பற்றி!
யாரும் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை,
பெரும்பாலும் கர்த்தரைக்கூட
நான் கேட்கவிட்டதில்லை.

"வேன் யார் ஓட்டுறது?" என்றேன்.

இன்றிரவு மழை.
டார்மிட்டரி வாசலில் பதினாலு பேர்,
பவுடர் வாசனை, ஈரத் தலை,
ஒருவன் கையில் உறை போட்ட வேதாகமம்.
"நீங்க புது டிரைவரா, அண்ணே?"
ஆமாம் என்றேன். உண்மைதானே.

இரண்டு நடை அடித்து,
வண்டியை ஓரங்கட்டி வந்தால்
லிஃப்ட் அட்டை கேட்கிறது.
பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவினேன்.

நாலாம் மாடியில் பாட்டு எடுத்துவிட்டார்கள்.
எனக்குத் தெரியாத ராகம், கைத்தட்டு வேறு
கொஞ்சம் முந்திப் போகிறது.
டயர் கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறேன்,
சாரல் முழங்கால்வரை அடிக்கிறது.
எப்சிபாளுக்குச் செய்தி அனுப்பியாயிற்று.
யாராவது இறங்கி வருவார்கள்.